மைனஸை முதலில் எண்ணுங்கள்

நேற்று ரிசல்ட். ஒருவழியாகப் பாஸ். போன முறை கணக்குப் பகுதியில்தான் கவிழ்ந்தேன். விடைத்தாளை வாங்கிப் பார்த்தால், ஐந்து கேள்விகளில் வழிமுறை சரி, எண் சரி, குறி மட்டும் தப்பு. அதற்கு நெகட்டிவ் மார்க் வேறு.

என்னைக் கெடுத்தது "மைனஸும் மைனஸும் சேர்ந்தா பிளஸ்" என்ற வாய்ப்பாடுதான். −7 − 5 என்று பார்த்ததும் கை தானாக +12 போட்டது. விடை −12. அந்த விதி பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் மட்டும்தான். "சேர்ந்தா" என்பதை விட்டுவிட்டு "பெருக்கினா, வகுத்தா" என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். கி.பி. 628-லேயே இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர், மைனஸைக் கடன் என்றும் பிளஸைச் சொத்து என்றும் சொல்லி, இதைப் பிரித்து எழுதிவிட்டார்: கடனோடு கடனைக் கூட்டினால் கடன்தான், கடனைக் கடனால் பெருக்கினால்தான் சொத்து. எனக்கு உறைக்க ஒரு வருடம் போனது.

காரணம் தெரியாமல் மனதில் நிற்காது என்பவர்களுக்கு: 2 × (−4) = −8, 1 × (−4) = −4, 0 × (−4) = 0. ஒவ்வொரு படிக்கும் 4 ஏறுகிறது. அடுத்த படி (−1) × (−4). அது 4 ஆகாமல் வேறு என்ன ஆகும்?

இனி என் வித்தை. பெருக்கல், வகுத்தல் மட்டும் வரும் கணக்கில், எண்ணைத் தொடுவதற்கு முன் ஒவ்வொரு மைனஸ் மேலும் பென்சிலால் ஒரு புள்ளி. ஒற்றைப்படையில் வந்தால் மைனஸ், இரட்டைப்படையில் வந்தால் பிளஸ். (−2) × 3 × (−5) × (−1): மூன்று புள்ளி. முதலில் "−" எழுதிவிடுவேன், பிறகுதான் 30. (−36) ÷ (−4) ÷ (−3)-க்கும் இதேதான்: −3. நான் அவசரக்காரன், நிதானமானவர்களுக்கு இது சிறுபிள்ளைத்தனமாகத் தெரியலாம். என் ரஃப் தாள் அம்மை போட்ட மாதிரி இருந்தது.

மாட்டிக்கொள்ளும் இடங்கள்:

- (−3)² = 9. ஆனால் −3² = −9. அடைப்புக்குறியைப் பார்க்காமல் அடுக்கைத் தொடாதீர்கள்.
- −24 ÷ (−6) × (−2) = −8. இடமிருந்து வலம். பெருக்கலை முதலில் செய்தால் −2 வரும். குறி சரியாக இருப்பதால் சந்தேகமே வராது.
- பெருக்கலில் பூஜ்யம் இருந்தால் புள்ளி வைக்கிற வேலையே இல்லை.
- −3(x − 4) = −3x + 12. போன முறை −12 எழுதினேன்.

இந்த முறையும் கடைசிப் பக்கத்தில் அதே ரகம்: −5(2 − x). முதல் உறுப்புக்கு ஒரு புள்ளி, இரண்டாவதற்கு இரண்டு. −10 + 5x.