இரண்டு நாள் பிந்திய கடிதம்

"இது போர் என்பதைப் பிரபு அவர்களுக்கு நான் சுட்டிக்காட்டுவது மிகை." அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோது லண்டனில் அமெரிக்கத் தூதராக இருந்த சார்லஸ் ஃபிரான்சிஸ் ஆடம்ஸ், பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் ரஸ்ஸலுக்கு 1863 செப்டம்பர் 5 அன்று எழுதிய வரி இது. 8ஆம் தேதி ரஸ்ஸலிடமிருந்து பதில் வந்தது. லிவர்பூல் பக்கம் லேர்ட் கப்பல்கட்டும் தளத்தில், பிரிந்துபோன தென்மாநிலங்களுக்காகக் கட்டப்பட்ட இரண்டு இடிகப்பல்களையும் (எதிரிக் கப்பலை மோதி உடைக்கும் போர்க்கப்பல்கள்) வெளியேற விடாதபடி உத்தரவு போட்டாயிற்று என்றது அது. தூதர் எழுதினார், வல்லரசு இறங்கி வந்தது என்று வெகுகாலம் சொல்லப்பட்டது. ஆனால் கப்பல்களை நிறுத்திவைக்கும்படி ரஸ்ஸல் சொன்னது செப்டம்பர் 3.

இந்த இரண்டு நாளை எந்தக் கணக்கில் எழுதுவது?

தேதிகளை மறுபடி அடுக்கிப் பார்த்தால் ஆடம்ஸ் மேல் குற்றம் சொல்ல இடமில்லை. தலையிட முடியாது, சான்று போதாது என்று ரஸ்ஸல் 1ஆம் தேதி கையெழுத்திட்ட கடிதம் அவர் கைக்கு வந்தது 4ஆம் தேதி. ரஸ்ஸல் அப்போது ஸ்காட்லாந்தில் இருந்தார். மனம் மாறி 3ஆம் தேதி உத்தரவிட்டவர், 4ஆம் தேதி எழுதிய சிறு குறிப்பில்கூட, விஷயத்தை "தீவிரமாகவும் கவலையோடும்" பரிசீலிக்கிறோம் என்றாரே ஒழிய, நிறுத்தச் சொல்லிவிட்டேன் என்று எழுதவில்லை. இரண்டாவது கப்பல் ஆகஸ்ட் 29 அன்றே நீரில் இறங்கியிருந்தது. முதலாவது எந்த அலை ஏற்றத்தோடும் மெர்சி ஆற்றைத் தாண்டிப் போய்விடலாம் என்ற நிலை. மேசையில் இருந்த காகிதத்தை வைத்துத்தானே எவரும் எழுத முடியும்.

சரி, மேசையில் இருந்தது என்ன? முந்தைய ஆண்டின் தோல்வி இருந்தது. அதே லேர்ட் தளத்தில் தென்மாநிலங்களுக்காக 290 என்ற எண்ணில் கட்டப்பட்ட கப்பலைப் பற்றி, லிவர்பூலிலிருந்த அமெரிக்கத் துணைத்தூதர் தாமஸ் டட்லி பிரமாணப் பத்திரங்களாகத் திரட்டிக்கொடுத்தார். வழக்கறிஞர் ராபர்ட் காலியர், இதில்கூடப் பயன்படுத்தாவிட்டால் அந்நியர் படைச்சேர்ப்புச் சட்டம் செத்த எழுத்துதான் என்று 1862 ஜூலை 23 அன்று கருத்து எழுதித் தந்தார். காகிதங்கள் அரசின் சட்ட அலுவலர் சர் ஜான் ஹார்டிங் வீட்டுக்குப் போயின. அவர் மனநலம் குலைந்திருந்த நேரம். கட்டு பிரிக்கப்படாமல் பல நாள் கிடந்தது. பிடித்து வைக்கலாம் என்ற கருத்து ஒருவழியாக வந்த ஜூலை 29 அன்றே, வெள்ளோட்டம் என்ற பெயரில் விருந்தினரை ஏற்றிக்கொண்டு கப்பல் புறப்பட்டது. விருந்தினரை இழுவைப்படகில் திருப்பி அனுப்பிவிட்டு அது திரும்பவே இல்லை. அசோர்ஸ் தீவுகளில் பீரங்கி ஏற்றிக்கொண்டு 'அலபாமா' ஆனது. வடமாநிலங்களின் ஏறக்குறைய 65 கப்பல்களைப் பிடித்தது.

சட்டத்தின் ஓட்டை அங்கேதான். 1819ஆம் ஆண்டின் அந்தப் படைச்சேர்ப்புச் சட்டம் பிரிட்டிஷ் துறைமுகத்துக்குள் கப்பலுக்கு ஆயுதம் பூட்டுவதைத் தடுத்தது. ஆயுதமில்லாத வெறும் கப்பல் உடலைக் கட்டி விற்பதைத் தடுத்ததா என்பதில் தெளிவில்லை. தென்மாநிலங்களுக்கானது என்று அரசு பிடித்துவைத்த 'அலெக்சாண்ட்ரா' கப்பலின் வழக்கில் 1863 ஜூனில் தீர்ப்பு அரசுக்கு எதிராகப் போனதும் அதிகாரிகளுக்குக் கை நடுங்கியது. இடிகப்பல்களில் இன்னொரு சிக்கல். தென்மாநிலங்களின் முகவர் ஜேம்ஸ் புல்லக், கப்பல் ஒன்றுக்கு 93,750 பவுண்டு என்று பேசிக் கட்டச் சொன்னவை, காகிதத்தில் பாரிஸின் பிராவே நிறுவனத்துக்குக் கைமாறி, எகிப்துக்குப் போகிறவை என்று நின்றன. முகப்பில் நீர்மட்டத்துக்குக் கீழே இரும்புக் கொம்பு வைத்த கவசக் கப்பலை வணிகக் கப்பல் என்று யாரும் நம்பவில்லை. நம்பாதது வேறு, நீதிமன்றத்தில் நிரூபிப்பது வேறு.

இனி கடிதம். எல்லோரும் எடுத்துக்காட்டுவது அந்த ஒரு வரியை. அதற்குப் பிறகு வருவதை யாரும் படிப்பதில்லை. தம்மிடம் உள்ள அறிவுறுத்தல்களில் பொருத்தமானவற்றைக்கூட இப்போது தெரிவிக்கப் போவதில்லை, ஏற்கெனவே கடுமையாகிவிட்ட சிக்கலை அது இன்னும் வளர்க்கும் என்கிறார். வாஷிங்டனின் சொல்லுக்குக் காத்திருப்பதாக முடிக்கிறார். கெடு கிடையாது. கடவுச்சீட்டைக் கொடுங்கள், கிளம்புகிறேன் என்ற பேச்சும் கிடையாது. கதவை ஓங்கி அறைந்துவிட்டுத் தாழ்ப்பாளைப் போடாமல் விட்டிருக்கிறார். தொழில் தெரிந்தவர் வேலை என்றுதான் எனக்கு முதலில் பட்டது.

பிறகு ஒரு சந்தேகம். அட்லாண்டிக் தந்திக் கம்பி 1858இல் செயலிழந்தது, 1866 வரை சரியாகவில்லை. நீராவிக் கப்பலில் கேள்வி போய்ப் பதில் வர ஏறக்குறைய ஒரு மாதம். கப்பல் நாளையே போகும் என்று பயப்படுகிறவர் ஒரு மாதம் காத்திருப்பேன் என்று எழுதினால் அதற்கு என்ன பொருள்? போர் என்று எச்சரித்தாரா, கையை விரித்தாரா? இரண்டும் ஒரே தாளில் இருக்கின்றன.

மென்மை அவருக்குப் பழகிய வழி. 1861 மே மாதம் வெளியுறவுச் செயலர் சீவர்ட் எழுதிய சூடான ஆணையை லிங்கனே திருத்தி, யாருக்கும் வாசித்துக் காட்ட வேண்டாம், தூதரின் வழிகாட்டலுக்கு மட்டும் என்று ஆக்கி அனுப்பினார். ஆடம்ஸ் அதை ரஸ்ஸலிடம் இன்னும் ஆற்றித்தான் சொன்னார். குரலை உயர்த்தாதவர் உயர்த்தும்போது எடை கூடும் என்பார்கள். பிரதமர் பாமர்ஸ்டனுக்கு ஏறியதோ எரிச்சல். இந்த ஆளுக்கு நாகரிகமான சொற்களில் "நாசமாய்ப் போ" என்று பதில் எழுத வேண்டும் என்று ரஸ்ஸலுக்கு எழுதினார். உத்தரவு முன்பே போயிராவிட்டால், இந்த எரிச்சல் கப்பல்களை அவிழ்த்துவிட்டிருக்குமோ? அப்படியும் நினைக்கத் தோன்றுகிறது. 3ஆம் தேதி உத்தரவு தற்காலிகமானது, முறைப்படி கைப்பற்றியது அக்டோபரில்தான், இடைப்பட்ட வாரங்களில் அந்தக் கடிதம்தான் ரஸ்ஸலின் கையைக் கட்டிப்போட்டது என்றும் வாதிடலாம். நான் இரண்டையும் வாதிட்டுப் பார்த்துவிட்டேன்.

(கடிதம் இவரைக் கவிழ்த்ததும் உண்டு. 1872இல் லிபரல் ரிபப்ளிக்கன் கட்சியின் சின்சினாட்டி மாநாட்டில் ஜனாதிபதி வேட்பாளர் தேர்வின் முதல் சுற்றில் முன்னிலையில் இருந்தார். பேரம் பேசித்தான் என்னை நிறுத்துவீர்கள் என்றால் "அந்தக் கூட்டத்திலிருந்து என்னை விடுவியுங்கள்" என்று முன்பே எழுதியிருந்தார். அது அச்சிலும் வந்தது. வேட்பாளரானவர் பத்திரிகையாளர் கிரீலி.)

எனக்கு அதிகம் உறுத்துவது 1862ஆம் ஆண்டுக் கடிதங்கள். ஒரு கப்பலையும் நிறுத்த முடியாமல் போனவை. வரைவில் சூடு இல்லை. தேதி, சாட்சி, பிரமாணப் பத்திரம், மீண்டும் தேதி, அவ்வளவே. பதில் வராவிட்டாலும் அடுத்தடுத்து எழுதினார், இழப்புக்கு பிரிட்டனே பொறுப்பு என்று ஒவ்வொன்றாகப் பதிவில் ஏற்றினார். இந்த இழப்புகளைத் தீர்த்துக்கொள்ள இரு நாடுகளும் செய்த 1871 வாஷிங்டன் ஒப்பந்தப்படி ஜெனீவாவில் ஐந்து நடுவர்கள் கூடியபோது, கட்டுக்கட்டாக வந்த ஆவணங்களில் அவையும் இருந்தன. அமெரிக்கத் தரப்பு நடுவராக உட்கார்ந்திருந்தவர் ஆடம்ஸ். 1872 செப்டம்பர் 14 அன்று பிரிட்டன் 1 கோடியே 55 லட்சம் டாலர் தங்கமாகத் தர வேண்டும் என்று தீர்ப்பானது. பிரிட்டனின் நடுவர் காக்பர்ன் கையெழுத்திட மறுத்தார். பிரிட்டன் பணத்தைக் கட்டியது.

இடிகப்பல்கள் கணக்கில் வரவில்லை. அவை யாரையும் இடிக்கவில்லையே. பிரிட்டிஷ் கடற்படை அவற்றை விலைக்கு வாங்கி 'ஸ்கார்ப்பியன்', 'வைவர்ன்' என்று பெயர் வைத்துக்கொண்டது.