மலிவு ஹெட்ஃபோனும் மூன்று வடிகட்டிகளும்

மலிவு ஹெட்ஃபோன் ஒன்றின் ஒலியை ஈக்வலைசரால், அதாவது தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் வசதியால், திருத்த நினைத்தேன். முதல் மாலை அதைத் தொடவே இல்லை. நன்கு பழகிய ஒரே பாடலைத் திரும்பத் திரும்பக் கேட்டுக் குறைகளை எழுதிக்கொண்டேன். மிருதங்கத்தின் இடந்தலை ஒலி பரந்து வந்து குரலை மூடுகிறது. ஆனால் அதன் அடி ஆழம் இல்லை. பாடகி ‘ஸ’ என்று உச்சரிக்கும் இடமெல்லாம் ஊசி குத்துகிறது.

மறுநாள் அவசரப்பட்டு, தாழ்ந்த ஒலிப் பகுதியான 60 ஹெர்ட்ஸில் 8 டெசிபெல் ஏற்றினேன். மிருதங்கம் கரகரத்தது. டிஜிட்டல் ஒலிக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. அதைத் தாண்டும் அலையின் தலை வெட்டுப்பட்டுவிடும். ஏற்றிய அளவுக்கு ப்ரீஆம்பை, அதாவது ஈக்வலைசரின் மொத்த ஒலியளவை, குறைத்ததும் கரகரப்பு போய்விட்டது, ஆழம் மட்டும் வரவில்லை. எதேச்சையாக மூக்குக்கண்ணாடியைக் கழற்றியபோதுதான் காரணம் பிடிபட்டது. காதோரக் கம்பி ஹெட்ஃபோனின் காது மெத்தையைத் தூக்கிப்பிடித்திருந்தது; அந்த இடுக்கு வழியாகத் தாழ்ந்த ஒலி கசிந்துகொண்டிருந்தது. கண்ணாடி இல்லாமல் 3 டெசிபெல் ஏற்றியதே போதுமானதாக இருந்தது. மெத்தை சரியாகப் பொருந்தாதவரை ஈக்வலைசரில் கை வைப்பது வீண் வேலை.

குரலை மூடிய மூட்டம் 200 ஹெர்ட்ஸை ஒட்டி இருந்தது. ஈக்வலைசரில் ஒரு பகுதியை மட்டும் ஏற்றவோ இறக்கவோ வைக்கும் ஒவ்வோர் அமைப்பும் ஒரு வடிகட்டி. இங்கே அகலமான வடிகட்டியால் 4 டெசிபெல் குறைத்தேன். குரல் உடனே முன்னால் வந்து நின்றது.

ஊசியைத் தேடத்தான் ஒரு வாரம் ஆனது. ஒரே அதிர்வெண் மட்டும் கொண்ட சைன் அலையை மிகக் குறைந்த ஒலியளவில் வைத்து, 2,000 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல மேலே நகர்த்தினேன். 3,000 அருகே ஒலி ஓங்கியது. அதை வெட்டிவிடத் தோன்றும், வெட்டக் கூடாது. காதுக்குழாயே அந்தப் பகுதியில் ஒலியைப் பெருக்கிக் கொடுக்கிறது, நம் செவி பிறந்தது முதல் அப்படித்தான் கேட்டுப் பழகியிருக்கிறது. ஒருமுறை வெட்டிப் பார்த்தேன்: பாடகி போர்வைக்குள்ளிருந்து பாடினார். 5,800இல்தான் உண்மையான கூர்முனை இருந்தது. அங்கே வடிகட்டி எவ்வளவு குறுகலானது என்பதைக் காட்டும் க்யூ மதிப்பை 4 ஆக வைத்து 6 டெசிபெல் இறக்கினேன். 8,000 அருகே இன்னொரு முனையும் கேட்டது, ஆனால் ஹெட்ஃபோனைச் சற்று நகர்த்தி மாட்டினால் அதுவும் இடம் மாறியது. மாட்டும் விதத்தைப் பொறுத்து நகர்வதை நிலையான வடிகட்டியால் திருத்த முடியாது என்பதால் விட்டுவிட்டேன்.

ஒப்பிடும்போது சத்தம் அதிகமாக இருப்பதே நன்றாகத் தோன்றும். ஆகவே திருத்தாத ஒலியையும் அதே அளவுக்குக் குறைத்துவிட்டு, எது ஓடுகிறது என்று சொல்லாமல் தங்கையை மாற்றி மாற்றிப் போடச் சொன்னேன். பத்துக்கு ஒன்பது முறை திருத்திய ஒலியைச் சரியாகச் சொன்னேன். தவறிய ஒரு முறை ‘ஸ’ இல்லாத பகுதி ஓடியது.

40 ஹெர்ட்ஸுக்குக் கீழே இடப்பக்கம் இன்னும் மெலிந்தே ஒலிக்கிறது. அந்த மெத்தையின் தையல் ஓரத்தில் சிறு விரிசல் தெரிகிறது. அடுத்து அதை மாற்ற வேண்டும், மாற்றியபின் மூன்று வடிகட்டிகளையும் முதலிலிருந்து சரிபார்க்க வேண்டும்.