அலாரம் வாங்கினால் போதுமா, குண்டு எங்கே?

சித்தி பையன் மேல்படிப்புக்காக இந்த வருஷம் இங்கிலாந்து வந்தான். இரண்டு சனிக்கிழமை என்னோடு ஏரிக்கரையில் மீன் பிடிக்க உட்கார்ந்திருந்தான், மூன்றாவது வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் வருகிறது, "அண்ணா, இந்த அலாரம் செட் வாங்கட்டுமா?" என்று. விலையைப் பார்த்தேன், அவனுடைய ஒரு மாத வாடகையில் பாதிக்கு வரும். போனில் முக்கால் மணி நேரம் பேசி முடித்ததும் வீட்டில், "இதை எழுதிப் போட்டுடுங்க, அடுத்த தடவை யாராவது கேட்டா லிங்க்கை அனுப்பிட்டு சாப்பிட வரலாம்" என்றாள். சரி என்று எழுதுகிறேன்.

ஊரில் நாங்கள் மீன் பிடித்தபோது அலாரம் என்று ஒன்று தேவைப்படவே இல்லை. மூங்கில் கம்பு, நாலு முழம் நரம்பு, சோளத்தட்டையைக் கிள்ளிச் செருகிய தக்கை, முள்ளில் மண்புழு. தக்கை ஆடும், பொறுக்க வேண்டும், அமுங்கும், சுண்ட வேண்டும், அவ்வளவுதான். கண்ணை எடுத்தால் போச்சு. இங்கே கெண்டை பிடிப்பது வேறு மாதிரி. இரையை எழுபது, எண்பது மீட்டர் தள்ளிப் போட்டுவிட்டு, இரண்டு ராடையும் (தூண்டில் கம்பு) படுக்க வைத்துவிட்டு, பின்னால் கூடாரம் போட்டு ஒரு ராத்திரி, சில நேரம் இரண்டு ராத்திரி காத்திருக்க வேண்டும். தக்கையும் கிடையாது, அந்த இருட்டில் கண்ணும் உதவாது. (இவ்வளவும் செய்து பிடித்த மீனைப் படம் எடுத்துவிட்டுத் தண்ணீரிலேயே விட்டுவிடுவோம் என்று அம்மாவிடம் சொன்னபோது அவர் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.)

அதற்குத்தான் பைட் இண்டிகேட்டர், அதாவது மீன் இரையைத் தொட்டதைக் காட்டும் அலாரமும் குண்டும். ராடின் முன்பக்கம் அலாரத்தின் மேல் உட்கார்ந்திருக்கும், நரம்பு அலாரத்தின் காடி வழியாக ஓடும், நகர்ந்தால் பீப். அலாரத்துக்கும் ரீலுக்கும் நடுவே நரம்பில் ஒரு சின்ன குண்டைக் கவ்வவிட்டுத் தொங்கவிடுவோம். இதை பாபின் என்பார்கள், சங்கிலியில் தொங்கினால் ஹேங்கர், கம்பியோடு ஆடுகிற மாதிரி இருந்தால் ஸ்விங்கர். தம்பி அனுப்பிய லிங்க்கில் மூன்று அலாரம், அலாரச் சத்தத்தைக் கூடாரத்துக்குள் கேட்கவைக்கும் ரிசீவர் ஒன்று, மெத்தை வைத்த பெட்டி எல்லாம் இருந்தது, குண்டு மட்டும் இல்லை. கேட்டதற்கு, "அது ஏதாவது ஒண்ணு மலிவா வாங்கிக்கலாம்ணா" என்றான். எல்லாரும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள், நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். காசு முழுக்க சத்தத்துக்குப் போய்விடும்.

குண்டுதான் மூத்தது, அலாரம் பின்னால் வந்தது. ஒரு காலத்தில் இங்கே பிரெட் மாவைப் பிசைந்து உருண்டையாக நரம்பில் ஒட்டித் தொங்கவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், இல்லையென்றால் சாக்லேட் சுற்றிய வெள்ளித்தாள். 1950களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் வாக்கர் என்ற இன்ஜினியர் மின்சாரத்தில் ஓடும் பஸ்ஸரைக் கொண்டுவந்தார். நரம்பு ஒரு மெல்லிய கம்பியில் சாய்ந்திருக்கும், மீன் இழுத்தால் கம்பி நகர்ந்து சர்க்யூட் சேர்ந்து சத்தம் வரும். 1952 செப்டம்பர் 13 அன்று ஹெரிஃபோர்ட்ஷயரில் உள்ள ரெட்மயர் குளத்தில் அவர் 44 பவுண்டு கெண்டை ஒன்றைப் பிடித்தார், கிட்டத்தட்ட 20 கிலோ. விடியாத நேரத்தில் அதைச் சொல்லிக் கொடுத்தது அந்த பஸ்ஸர்தான். அந்த மீனை லண்டன் மிருகக்காட்சிசாலைக்குக் கொடுத்து, அங்கே அதற்குக் கிளாரிசா என்று பெயரும் வந்து பல வருஷம் இருந்தது. நம் கட்லாவுக்குத் தூரத்துச் சொந்தக்கார மீன்தான், இங்கே பெயர் வைத்துக் கொண்டாடுகிறார்கள்.

இப்போது கடையில் கிடைப்பதில் பெரும்பாலானவை இரண்டே வகை. ஒன்று உருளை. நரம்பு ஒரு சின்னச் சக்கரத்தின் மேல் ஓடும், சக்கரத்தில் காந்தம், உள்ளே அதை உணரும் சென்சார், இவ்வளவு சுற்றினால் இத்தனை பீப். இன்னொன்று அதிர்வு. டெல்கிம் இதற்குப் பேர்போனது, சக்கரம் கிடையாது, நரம்பு உரசிப் போகும்போது வரும் அதிர்வை உள்ளே இருக்கும் சென்சார் பிடித்துவிடும். எது நல்லது என்று இங்கே ஆட்கள் ரஜினி கமல் மாதிரி சண்டை போடுவார்கள். என் அனுபவத்தில் அதிர்வு வகை நுணுக்கமானது, மீன் நரம்பை லேசாக உரசினால்கூடச் சொல்லும், ஆனால் காற்றடித்து நரம்பு ரீங்காரம் போட்டாலும் சொல்லும். செட்டிங்கைக் குறைக்கத் தெரிந்தவனுக்கு அது வரம், தெரியாதவனுக்குத் தூக்கம் போச்சு. உருளை அவ்வளவு பதறாது, ஆனால் ஜனவரியில் சக்கரத்தில் பனி உறைந்து சுற்றாமல் நின்றுவிடும், மணல் போனாலும் அதே கதைதான். குளிர்காலத்தில் மீன் பிடிக்கப் போகவே மாட்டேன் என்றால் கண்ணை மூடிக்கொண்டு உருளை வாங்கலாம்.

இந்தச் சண்டையில் யாரும் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. கெண்டைக்கு நாம் போடும் அமைப்பில் எண்பது, தொண்ணூறு கிராம் ஈயம் இருக்கும். மீன் இரையை உறிஞ்சும், தலையைத் தூக்கும், ஈயத்தின் கனத்தில் முள் தானாகவே உதட்டில் ஏறிவிடும், குத்தியதும் மிரண்டு ஓடும். அந்த ஓட்டத்துக்கு அலாரம் அலறும், பாருங்கள், பத்து பவுண்டு விலையுள்ள அலாரமும் அலறும், நூறு பவுண்டுக்கு மேல் போகும் அலாரமும் அதே அலறல்தான். ஓடுகிற மீனைச் சொல்வதற்கு நுணுக்கம் எதற்கு? ஓடாத மீனைச் சொல்வதற்குத்தான் நுணுக்கம் வேண்டும்.

எனக்கு இது புரிந்தது ஒரு அக்டோபர் ராத்திரியில். மணி இரண்டரை இருக்கும். இரண்டு பீப். பீப், கொஞ்சம் இடைவெளி, பீப். அதோடு நின்றுவிட்டது. வாத்தாக இருக்கும் என்று திரும்பிப் படுத்தேன். பத்து நிமிஷம் கழித்து சிறுநீர் கழிக்க எழுந்தபோது டார்ச் அடித்துப் பார்க்கிறேன், இடது ராடின் குண்டு அதிகபட்சம் எவ்வளவு கீழே இறங்குமோ அவ்வளவு இறங்கி, சங்கிலி தளர்ந்து தரையில் கிடக்கிறது, நரம்பு தொய்ந்து புல்லில் படிந்திருக்கிறது. மீன் இரையை எடுத்துக்கொண்டு என்னை நோக்கி நீந்தி வந்திருக்கிறது. அது இழுக்கவில்லை, தளர்த்திவிட்டது. குண்டு மலிவானது, இலேசான பிளாஸ்டிக், அதனால் தளர்ந்த நரம்பைக் கீழே இழுக்கக்கூட நேரம் எடுத்திருக்கிறது, அலாரத்தின் சக்கரமும் ஒழுங்காகச் சுற்றவில்லை. ராடை எடுத்து ரீலைச் சுற்று சுற்று என்று சுற்றினேன், கரைக்குப் பக்கத்திலேயே இடதுபுறம் நாணல் இருந்தது, அதற்குள் போய்ச் சுற்றிக்கொண்டு முள்ளைத் துப்பிவிட்டுப் போயிருந்தது. இதற்கு இங்கே டிராப்-பேக் என்று பேர். காலையில் பக்கத்து ஸ்விம்மில் (கரையில் ஒருவர் உட்கார்ந்து பிடிக்கும் இடம்) இருந்த பெரியவர் டீயோடு வந்து என் குண்டை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "இதைத் தூக்கிப் போடு, மேட்" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை.

அதனால் குண்டை முதலில் முடிவு பண்ணுங்கள். கிட்டத்தில், நரம்பைத் தொய்யவிட்டுப் பிடிப்பதென்றால் இலேசானது, ஏழெட்டு கிராம் போதும், கனமாகப் போட்டால் தொய்ந்த நரம்பை அதுவே இழுத்து இறுக்கிவிடும். தூரத்தில், நரம்பை இறுக்கி வைத்துப் பிடிப்பதென்றால் இருபது, முப்பது கிராம் வரை கனம் வேண்டும், அப்போதுதான் மீன் நம் பக்கம் வந்ததும் சட்டென்று விழும். கூடுதல் எடையைத் திருகிப் போட்டுக் கழற்றுகிற மாதிரி வருவதை வாங்கினால் இரண்டுக்கும் ஆகும். ஸ்விங்கரில் கம்பியின் மேல் எடையை நகர்த்திக்கொள்ளலாம், தலைப்பக்கம் தள்ளினால் கனம் கூடும். காற்று அதிகமான பெரிய ஏரிக்கு எனக்கு ஸ்விங்கர்தான் பிடிக்கும், சங்கிலியில் தொங்குவது காற்றில் ஊஞ்சலாடி நம்மை ஏமாற்றும்.

தொங்கவிடும் உயரம் இன்னொரு விஷயம். நிறைய பேர் குண்டை ராடோடு ஒட்டி வைக்கிறார்கள், அல்லது தரையில் படுக்கவிடுகிறார்கள். பாதி உயரத்தில் வையுங்கள், மேலேயும் போக இடம் இருக்கட்டும், கீழேயும் போக இடம் இருக்கட்டும். ராட் முனை நரம்பு போகும் திசையையே பார்க்க வேண்டும், கோணலாக இருந்தால் நரம்பு வளையத்தில் உரசி, இழுப்பில் பாதி அலாரத்துக்கு வந்தே சேராது. நைலான் நரம்பு இழுபடும், எண்பது மீட்டரில் சின்ன அசைவையெல்லாம் அதுவே விழுங்கிவிடும். பின்னல் நரம்பு இழுபடாது, மீன் மூச்சு விட்டால்கூடத் தெரியும், ஆனால் நிறைய ஏரிகளில் அதை அனுமதிப்பதில்லை, விதியைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ராத்திரிக்குக் குண்டுக்குள் டிரிடியம் குழாய் செருகிக்கொள்ளலாம், பேட்டரி இல்லாமல் மினுங்கும். பன்னிரண்டு வருஷத்தில் அதன் வெளிச்சம் பாதியாகும், அதற்குள் நீங்கள் நாலு குண்டு தொலைத்திருப்பீர்கள்.

அலாரத்தில் நான் பார்ப்பது இரண்டு மூன்றுதான். முதலாவது, மழை தாங்குமா. என் முதல் செட், பேர் சொல்ல வேண்டாம், பெட்டியில் வாட்டர்ப்ரூஃப் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. மூன்றாவது மழையில் ராத்திரி ஒரு மணிக்கு மூன்று அலாரமும் சேர்ந்து விடாமல் கத்த ஆரம்பித்தன, அணைத்தாலும் அணையவில்லை, கடைசியில் பேட்டரி மூடியை நகத்தால் நெம்பி எடுத்தேன். ஏரியைச் சுற்றி ஒவ்வொரு கூடாரமாக டார்ச் எரிந்தது, அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. இரண்டாவது, சத்தத்தைப் பூஜ்யம் வரை குறைக்க முடிகிறதா. ராட் பக்கம் மௌனம், தலைமாட்டில் ரிசீவர், அதுதான் மரியாதை. மூன்றாவது, விழுவதற்கும் ஓடுவதற்கும் வேறு வேறு தொனி வருகிறதா. நரம்பு திரும்பி வந்தால் தாழ்ந்த குரலில் பீப் அடிக்கிற மாடல்கள் உண்டு, அந்த ஒரு வசதிக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம். ஆப் வேண்டாம், போன் அதிர்வு வேண்டாம், கலர் மாறும் விளக்கு வேண்டாம்.

ரிசீவர் இருக்கிறதே என்று ராடைப் போட்டுவிட்டு கார் வரைக்கும் போகிறவர்களும் உண்டு. இங்கே சட்டப்படி ராட் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும், கவனிக்காமல் விட்டால் அபராதம். ரிசீவர் கூடாரத்துக்குள் கண் அயர்வதற்கு, பப்புக்குப் போவதற்கு இல்லை. அதேபோல லைசென்ஸ், இரண்டு ராடுக்கு ஒரு கட்டணம், மூன்றாவது ராடுக்குக் கூடுதல். மூன்று அலாரம் செட் வாங்குவதற்கு முன்னால் இதை யோசித்தால், இரண்டு வாங்கினால் போதும் என்று அவனவனுக்கே தெரிந்துவிடும்.

தம்பியிடம் கடைசியில் சொன்னது இதுதான், பழைய உருளை அலாரம் இரண்டு, யாராவது விற்பதைப் பார்த்து வாங்கு, மிச்சக் காசில் எடை மாற்றும் ஹேங்கர் இரண்டு புதிதாக வாங்கு. முனகிக்கொண்டே வாங்கினான். நேற்று ராத்திரி தனியாகப் போயிருக்கிறான், காலை ஐந்து மணிக்கு வாய்ஸ் மெசேஜ், மூச்சு வாங்குகிறது. "அண்ணா, ரெண்டே பீப்தான், பார்த்தா குண்டு பொத்துனு கீழே விழுந்துடுச்சு, நீங்க சொன்ன மாதிரியே வேகமா சுத்துனேன், மாட்டிக்கிச்சு!"

என்ன மீன் என்று கேட்டேன். ப்ரீமாம், கெண்டை இல்லை, வழவழப்புக்குப் பேர்போன வேறு மீன். அதற்கப்புறம் இன்னொரு மெசேஜ், "அண்ணா, கையெல்லாம் கொழகொழன்னு இருக்கு, வலையும் நாறுது, இது எதுல போட்டுக் கழுவுனா போகும்?"