வந்தாறுமூலையிலிருந்து ஒகினாவாவுக்கு: ஆய்வுப் பயிற்சிக்கு விண்ணப்பித்த அனுபவம்

இரசாயனவியல் படிக்கும் தம்பி தங்கைகள் அடிக்கடி கேட்பதால், நான் போன வழியை எழுதி வைக்கிறேன்.

கோடைகால ஆய்வுப் பயிற்சி என்று தேடினால் முதலில் வருவது அமெரிக்காவின் ஆர்.ஈ.யூ (REU), அதாவது இளமாணி மாணவர்களை ஆய்வுகூடங்களில் சேர்க்கும் திட்டம். அந்த நாட்டுக் குடியுரிமையோ நிரந்தர வதிவிட உரிமையோ உள்ளவர்களுக்குத்தான் அந்த நிதி. ஜெர்மனியில் ஆய்வுப் பயிற்சி தரும் ரைஸ் ஜெர்மனி (RISE Germany) திட்டம் வட அமெரிக்க, பிரித்தானிய, அயர்லாந்துப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு உரியது. இரண்டும் அருமையான திட்டங்கள். ஆனால் இலங்கையின் கிழக்கில் வந்தாறுமூலையிலோ சம்மாந்துறையிலோ பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளைக்கு அவற்றில் இடமில்லை. அதனால் எந்த அறிவித்தலிலும் யார் விண்ணப்பிக்கலாம் என்ற பகுதியைத்தான் முதலில் வாசிப்பேன்.

அடுத்தது காலம். ஜூன் முதல் ஓகஸ்ட் வரை அவர்களுக்கு விடுமுறை, நமக்கு விரிவுரையோ பரீட்சையோ நடக்கும். வருடம் முழுவதும் ஆள் எடுக்கும் இடங்களே நமக்குத் தோது. ஜப்பானின் ஒகினாவா விஞ்ஞான தொழில்நுட்ப நிறுவனம் அப்படிப்பட்டது. எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். 2 முதல் 6 மாதப் பயிற்சி. ஏப்ரல் 15, ஒக்டோபர் 15 என இரண்டு முடிவுத் திகதிகள். பயணத்துக்கும் உதவி உண்டு, நாளாந்தக் கொடுப்பனவும் உண்டு.

மற்றப் பத்திரங்களைச் சேர்ப்பது பெரிய வேலையில்லை. ஏன் வர விரும்புகிறீர்கள் என்று எழுதும் அந்த ஒரு பக்கம்தான் என்னை உண்மையில் வேலை வாங்கியது. சிறு வயதிலிருந்தே விஞ்ஞான ஆர்வம் என்று எழுதினால் யாரும் நம்மை நினைவில் வைக்கமாட்டார்கள். களுதாவளைப் பக்கத்து மணல் நிலத்தில் வெங்காயமும் மிளகாயும் செய்கிறார்கள். போடும் பசளை ஆழமில்லாத கிணறுகளுக்கு இலகுவாக இறங்கும். அந்தக் கிணறுகளில் நைத்திரேற்று (பசளையிலிருந்து தண்ணீரில் கரைந்து வரும் நைதரசன் சேர்வை) அளந்ததைத்தான் எழுதினேன். குடிநீரில் உலக சுகாதார அமைப்பின் வரம்பு லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டினால் முதலில் பாதிக்கப்படுவது புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகள். எனக்கு இது வெறும் பயிற்சிப் பாடம் இல்லை, எங்கள் ஆட்கள் குடிக்கிற தண்ணீர்.

சூம் நேர்முகத்திலும் அதையே தோண்டினார்கள். 220 நனோமீற்றர் அலைநீளத்தில் நைத்திரேற்று புற ஊதா ஒளியை உறிஞ்சும், தண்ணீரில் கரைந்த சேதனப் பொருளும் உறிஞ்சும். எப்படிப் பிரித்தீர்கள் என்று கேட்டார்கள். நைத்திரேற்று 275 இல் உறிஞ்சாது, ஆகவே அங்கே கிடைக்கும் அளவின் இரு மடங்கை 220 இல் கிடைத்ததிலிருந்து கழிப்போம் என்றேன். இந்த முறை எங்கே கைவிடும் என்பது அடுத்த கேள்வி. கழிக்கும் அளவு 220 இல் கிடைத்ததில் 10 வீதத்தைத் தாண்டினால் நம்பக்கூடாது. வாவியோரத்துக் கிணறுகள் சிலவற்றின் மங்கல் நிறத் தண்ணீரில் அப்படி வந்ததால் அந்த மாதிரிகளை விலக்கினோம் என்று சொன்னேன். அந்தப் பதில்தான் என்னைத் தூக்கிவிட்டது என்று நினைக்கிறேன்.

பரிந்துரைக் கடிதத்துக்கு, ஆய்வுகூடத்தில் நாம் வேலை செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்த விரிவுரையாளரைக் கேளுங்கள். பதவி பெரியதா என்று பார்க்காதீர்கள். என் மிஸ்ஸிடம் முடிவுத் திகதிக்கு நன்றாக முன்னமே போனேன். கிணற்று வேலையின் சுருக்கத்தையும் கொடுத்தேன். அவர் கடிதத்தை நேரே அனுப்பினார்.

தெரிவான செய்தி மின்னஞ்சலில் வந்தது. 90 நாளைத் தாண்டித் தங்குவதற்கு, ஜப்பானியக் குடிவரவுப் பிரிவு தரும் தகுதிச் சான்றிதழ் வேண்டும். அதை அவர்கள் ஜப்பானிலிருந்தே எடுத்து அனுப்ப, கொழும்புத் தூதரகத்தில் விசாவுக்குக் கொடுத்திருக்கிறேன். கடவுச்சீட்டு இல்லாதவர்கள் விண்ணப்பம் எழுதத் தொடங்கும்போதே அதற்கும் போட்டுவிடுங்கள். வெளிநாடு இப்போதைக்குச் சரிவராது என்றால் கண்டி ஹந்தானையில் உள்ள அடிப்படை ஆய்வுகளுக்கான தேசிய நிறுவனத்தின் ஆய்வாளர்களுக்கு எழுதிப் பாருங்கள். அங்கும் இதே ஒரு பக்கம் உதவும்.