களக் குறிப்பேட்டைக் களத்திலேயே எழுதுங்கள்: ஆறாம் அரையாண்டு அனுபவம்

ஆறாம் அரையாண்டின் பெறுபேறுகள் நேற்று மாலை வெளியாகின. புவியியல் களக்கற்கையில் எனக்கு ஏ கிடைத்திருக்கிறது. ஐந்தாம் அரையாண்டில் இதே வகைப் பாடத்தில் சி வாங்கியவள் என்பதால், அம்மாவிடம் சொல்லப் போனபோது எனக்குக் குரலே எழவில்லை. இடைப்பட்ட மாதங்களில் நான் புதிதாகப் படித்தவை அதிகமில்லை. குறிப்பேட்டை எழுதிய விதத்தை மட்டுமே மாற்றினேன். அதனால் அடுத்து வருபவர்களுக்கு அதைப் பற்றியே விரிவாக எழுதுகிறேன்.

முதல் தடவை யாழ்ப்பாணக் குடாநாட்டில் மணல்மேடுகள் நிறைந்த மணற்காட்டுக்கு ஓகஸ்ட் மாதத்தில் போனோம். மணல் கண்ணுக்குள் அடித்ததால் கொப்பியைத் திறக்க மனமில்லாமல், சரிவுக் கோணங்களைத் துண்டுத் தாளில் கிறுக்கிக்கொண்டு வந்து, இரவு வீட்டில் கோடு போட்டு, மூன்று நிறப் பேனாக்களால் அழகாகப் பிரதி செய்தேன். வாய்மொழித் தேர்வில் பரீட்சகர் அந்தப் பக்கத்தைத் திறந்து, "இந்த மேட்டின் எந்தப் பக்கம் செங்குத்தாக இருந்தது? அளந்தபோது காற்று எங்கிருந்து வீசியது?" என்று கேட்டார். காற்று மோதும் பக்கம் மென்சரிவாகவும் மறைபக்கம் செங்குத்தாகவும் இருக்கும் என்று மனனம் செய்ததைச் சொன்னேன். "அது நூலில் இருக்கிறது, நீங்கள் கண்டது என்ன?" என்ற அடுத்த கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. மணலுக்குள் பாதி புதைந்து கிடக்கும் பழைய அந்தோனியார் தேவாலயத்தின் சுவர் நினைவிலிருந்தது. அதன் எந்தப் பக்கத்தில் மணல் உயரமாகக் குவிந்திருந்தது என்பது நினைவில் இல்லை. அங்கே நின்ற கடற்தொழிலாளர் ஒருவர் சோளகக் காற்றை, அதாவது தென்மேற்குப் பருவக்காற்றைப் பற்றி நெடுநேரம் சொன்னார். அதிலும் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.

இரண்டாம் தடவை நிலாவரைக் கிணற்றில் வேறு விதமாக நடந்துகொண்டேன். மீற்றருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றில் பாரம் கட்டிய போத்தலை இறக்கி, தக்கையில் கட்டியிருந்த இரண்டாவது நூலை இழுத்துத் திறந்து, ஒவ்வோர் ஆழத்திலிருந்தும் எடுத்த நீரின் மின்கடத்துதிறனை (உப்பு கூடினால் இதுவும் கூடும்) மானியால் அளந்தோம். மேலே நன்னீரும் கீழே உவர்நீரும் இருப்பது எல்லோரும் அறிந்ததே. ஆனால் ஆழம் கூடக் கூட மானியின் எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே எழுதும்போது, கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் நன்னீர் இருக்கும் என்ற கைபன்–ஹேர்ஸ்பேர்க் தொடர்பு முதன்முறையாக எனக்கு உயிருள்ள விடயமாகத் தெரிந்தது. மேலே இறைத்து இழக்கும் சிறு அளவுக்குக் கீழே எவ்வளவு உப்பு நீர் ஏறிவரும் என்பதை, தோட்டக் கிணறுகளை நம்பி வாழும் நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். கயிறு நனைந்து நீண்டுவிட்டதோ என்ற ஐயம் வந்தபோது அதையும் அதே இடத்தில் பென்சிலால் எழுதி, ஈரக் கயிற்றை அளவுநாடாவால் மீண்டும் அளந்து, வித்தியாசத்தை அருகில் குறித்தேன். வாய்மொழித் தேர்வில் பெரும்பகுதி நேரம் அந்த ஒரு வரியைப் பற்றியே பேசினோம்.

மண்டைதீவுக் கண்டற் காட்டில் வெட்டுமுகம் (ஒரு நேர்கோட்டின் வழியே உள்ளவற்றின் பதிவு) எடுத்தது இலகுவாக முடிந்தது. சேற்றிலிருந்து மேல்நோக்கி நிற்கும் வெண்கண்டலின் மூச்சுவேர்களை எண்ணப் போகிறவர்கள் சதுரச் சட்டத்தை வைக்கும் முன்னரே படம் வரைந்துவிடுங்கள். காலடி பட்டபின் எண்ணிக்கை பிழைக்கும்.

கொண்டுபோக வேண்டியவை:
- பென்சில் இரண்டு. பேனா மை நனைந்தால் கரையும்.
- தடித்த மட்டை கொண்ட சிறிய கொப்பி, அது நுழையும் பொலித்தீன் பை.
- தொப்பி, தண்ணீர், ஜீவனி (நீரிழப்புக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள்).
- சேற்றுக்குக் கட்டிவிடக்கூடிய சப்பாத்து. செருப்பு உதவாது.

ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் இடம், நேரம், காற்று, வானம் ஆகிய நான்கையும் முதலில் எழுதுங்கள். கண்டதை இடப்பக்கத்திலும் அதற்கு நீங்கள் நினைக்கும் காரணத்தை வலப்பக்கத்திலும் எழுதுங்கள். இரண்டும் கலந்தால் பரீட்சகர் கேட்கும்போது பிரிக்க முடியாது. பிழையான எண்ணை அழிக்காமல் ஒரு கோட்டால் வெட்டுங்கள். நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் குறிகாட்டுவான் துறைக்குத் திரும்பும் படகில் எழுதலாம் என்று எண்ண வேண்டாம். படகு ஆடும், களைப்பில் கண் மூடிவிடும். முருகைக்கல் வேலிகளின் அருகே நிழல் கண்ட இடத்தில் உட்கார்ந்து எழுதி முடித்துவிட்டே இறங்குதுறைக்கு வாருங்கள்.

குழுவாக நின்று ஒருவர் சொல்ல மற்றவர்கள் எழுதுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நான் தனியே இருந்தால்தான் யோசிக்கக்கூடியவள். ஒவ்வோர் இடத்திலும் பத்து நிமிடம் விலகிப் போய் இருந்தேன். தோழிகள் சிலருக்கு அது மனவருத்தமாக இருந்தது. ஆனாலும் அடுத்த முறையும் அப்படித்தான் செய்வேன்.

என் குறிப்பேடுகள் இரண்டும் வீட்டில் இருக்கின்றன. அடுத்த அணியினர் யாராவது கேட்டால் தருகிறேன். நிறப் பேனாக்களால் எழுதியதையும் சேர்த்தே தருவேன்; மணற்காட்டுப் பக்கத்தை முதலில் பாருங்கள்.