ஆகாத மீன்

"அப்ப காரலைத் தூக்கி எறியச் சொல்றாரா சாமி?"

தங்கச்சிமடத்தில் இன்று பூசை முடிந்து படியிறங்கும்போது அப்பத்தா கேட்டது. பங்குச்சாமியின் பிரசங்கம், பைபிளில் மத்தேயு 13-இல் வரும் வலை உவமை. நல்ல மீனைக் கூடையில் சேர்த்துவிட்டு, ஆகாததை வெளியே எறிவார்கள். மீன் என்றது மனிதரைத்தான்.

அப்பத்தாவின் விரலிடுக்கெல்லாம் உப்பு அரித்த வெடிப்பு. ஏலத்தில் யாரும் சீந்தாத பொடிக்காரல் மீனைக் காயவைத்து விற்ற கருவாட்டுக் காசில்தான் பிள்ளைகளைக் கரையேற்றினார்.

நாங்களெல்லாம் தலையாட்டிவிட்டு, நல்ல மீன் பக்கம் போய் நின்றுகொண்டோம். எறியப்படுவதன் பக்கம் நின்று கேட்டது அவர் மட்டும்தான்.

உவமையிலேயே பிரிக்கிற வேலை வானதூதர்களுக்குத்தானே, அதுவும் உலக முடிவில்? இந்தக் கரையில் நாம் ஏன் இப்போதே ஆளைத் தரம் பிரிக்கிறோம்?

அடுத்த ஞாயிறு சாமியிடமே கேட்கப் போகிறாராம். நானும் கூடப் போகிறேன்.