பத்து நாள் காத்திருப்பு: கோத்தகிரி நாட்குறிப்பு

மே 29, வியாழன். பரமேறுதல் நாள்

இன்று தொடங்கி பெந்தெகொஸ்தே ஞாயிறு வரை பத்து நாள். இயேசு உயிர்த்தெழுந்து நாற்பதாம் நாள் பரமேறுதல் (அவர் பரலோகத்துக்கு ஏறியது), ஐம்பதாம் நாள் பரிசுத்த ஆவியானவரின் வருகை. இடைப்பட்ட நாட்களில் சீஷர்கள் எருசலேமில் மேல்வீட்டறையில் காத்திருந்தார்கள்.

பரமேறுதலைப் பிரிவுநாள் என்று எடுத்துக்கொண்டால் மீதி எதுவும் விளங்காது. "நான் போகிறது உங்களுக்குப் பிரயோஜனமாயிருக்கும்" என்றார் ஆண்டவர் (யோவான் 16:7). மாம்சத்தில் அவர் கப்பர்நகூமில் இருந்தால் பெத்தானியாவில் இல்லை. லாசரு இறந்தபோது "நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்" என்று மார்த்தாள் சொன்னது அதனால்தானே? பக்கத்தில் இருந்தவர் உள்ளே குடிவருவதற்காகவே போனார். பத்து நாளும் இந்த ஒன்றைத்தான் பிடித்துக்கொள்ளப் போகிறோம்.

மே 30, வெள்ளி

"நீங்கள் தேவனுடைய ஆலயமாயிருக்கிறீர்களென்றும், தேவனுடைய ஆவி உங்களில் வாசமாயிருக்கிறாரென்றும் அறியாதிருக்கிறீர்களா?" (1 கொரிந்தியர் 3:16)

பவுல் எழுதிய கிரேக்கத்தில் ஆலயத்துக்கு இரண்டு சொல் உண்டு. பிராகாரம், மண்டபம் எல்லாம் சேர்ந்த வளாகம் 'ஹியரோன்'. தேவன் தங்கும் உள்வீடு 'நாவோஸ்'. பவுல் எடுத்தது நாவோஸ். சாலொமோன் கட்டிய ஆலயத்தின் உள்வீடு 60 முழ நீளம், 20 முழ அகலம். அதிலும் பின்கோடியில் 20 முழச் சதுரமாக மகா பரிசுத்த ஸ்தலம். அதற்குள் பிரதான ஆசாரியன் வருஷத்துக்கு ஒரே நாள்தான் நுழையலாம், அதுவும் இரத்தத்தோடு. அந்த இடத்துக்குரிய சொல்லைத்தான், கட்சி பிரிந்து சண்டையிட்ட கொரிந்து சபைக்குப் பவுல் கொடுக்கிறார்.

இன்னொன்று: இங்கே 'நீங்கள்' பன்மை. சபை முழுவதும் சேர்ந்து ஓர் ஆலயம். ஆறாம் அதிகாரம் 19-ஆம் வசனத்தில்தான் "உங்கள் சரீரமானது" என்று ஒவ்வொருவருடைய உடலுக்கும் வருகிறார். இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டு, சபையோடு பேச்சுவார்த்தை இல்லாமல் 'என் உள்ளத்தில் ஆண்டவர் இருக்கிறார், அது போதும்' என்பது பாதி வேதம்.

கத்தோலிக்கர் வாசிக்கும் மொழிபெயர்ப்பில் 'கோவில்', 'குடியிருக்கிறார்' என்று இருக்கிறது. கோ இருக்கும் இல், அரசன் வீடு. ஊட்டி புனித ஸ்தேவான் ஆலயத்துக்குப் போகிறவர்கள் மேலே உத்தரங்களைப் பார்க்கட்டும். 1829-ல் அடிக்கல் நாட்டிய அந்த ஆலயத்துக்கு மரம் வந்தது ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து. அரண்மனை மரமே கோயிலாகி நிற்கிறது.

ஜூன் 1, ஞாயிறு

"இறங்கி வாரும், இறங்கி வாரும்" என்று வாரம் தவறாமல் பாடுகிறோம். தவறில்லை, "வாரும்" என்று ஆவியானவரை அழைப்பது திருச்சபையின் பழைய ஜெபம். ஆனால் போன வாரம் வந்தவர் திங்கட்கிழமை கிளம்பிவிட்டார் என்ற நினைப்போடு பாடினால் அது விருந்தாளியை அழைப்பது. அவர் வீட்டுக்காரர். எபேசியர் 3:17-ல், ஏற்கெனவே விசுவாசிகளாயிருப்பவர்களுக்காகத்தான், கிறிஸ்து உங்கள் இருதயங்களில் வாசமாயிருக்கவேண்டும் என்று பவுல் ஜெபிக்கிறார். அங்குள்ள வினை 'கட்டோய்கேயோ', நிலையாகக் குடியிருத்தல். திண்ணையில் உட்கார வைத்தவருக்கு எல்லா அறைகளையும் திறந்துவிடச் சொல்கிற ஜெபம் அது.

ஜூன் 2, திங்கள்

காலை அமர்வு முறை. நேரம் 20 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். ஐந்தரைக்கு மலையில் பனிமூட்டம் விலகியிருக்காது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு முதுகு நிமிர்ந்து உட்காருங்கள். குளிரில் முழங்கால் படியிட்டால் பத்தாவது நிமிடம் வலிதான் நினைவில் இருக்கும்.

முதல் மூன்று நிமிடம் ஒரே வசனத்தை மெதுவாக, வாய்விட்டு, மூன்று முறை. ரோமர் 8:9-10 நல்லது. "தேவனுடைய ஆவி", "கிறிஸ்துவின் ஆவி", "கிறிஸ்து உங்களிலிருந்தால்" என்று இரண்டே வசனத்தில் மூன்று விதமாகச் சொல்வதைக் கவனியுங்கள். பிறகு ஒரே வரியில் அறிக்கை: "ஆண்டவரே, நீர் இங்கே இருக்கிறீர்." கேட்பது அல்ல, ஒத்துக்கொள்வது. அடுத்த பத்து நிமிடம் பேசாமல் இருப்பது. மனம் ரேஷன் கடைக்கோ பிள்ளையின் பரீட்சைக்கோ போகும். விரட்டாதீர்கள், அந்தக் காரியத்தையே அவரிடம் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டுத் திரும்புங்கள். பத்து நிமிடத்தில் முப்பது முறை திரும்பினாலும் அது முப்பது ஜெபம். மீதி நேரம் மற்றவர்களுக்காக வேண்டுதல்.

கெட்டுப்போகும் இடங்கள். முதலாவது, மெய்சிலிர்ப்பை அளவுகோலாக வைப்பது. சிலிர்த்த அன்று 'இருந்தார்', வறண்ட அன்று 'இல்லை' என்று கணக்கெழுதினால் இரண்டே வாரத்தில் சோர்வு வரும். அவர் வாசம்பண்ணுவது வாக்குத்தத்தத்தின்மேல் நிற்கிறது, நம் நரம்பின்மேல் அல்ல. உணர்வு வந்தால் நன்றி சொல்லுங்கள், வராவிட்டாலும் எழுந்து வேலைக்குப் போங்கள்.

அடுத்தது ஆழமான தவறு: உள்ளே இருப்பவரும் நானும் ஒன்றே என்று வழுக்கிவிடுவது. "இனி நான் அல்ல, கிறிஸ்துவே எனக்குள் பிழைத்திருக்கிறார்" என்ற கலாத்தியர் 2:20 அதே மூச்சில் 'நான் இப்பொழுது மாம்சத்தில் பிழைத்திருக்கிறேன்' என்றும் சொல்கிறது. 'நான்' கரைந்துபோகவில்லை, தன்னில் அன்புகூர்ந்த ஒருவரை விசுவாசிக்கிறது. கடவுள் என்றால் கடந்தும் உள்ளும் இருப்பவர் என்று தமிழில் விளக்கம் சொல்வதுண்டு. இரண்டையும் விட்டுவிடக் கூடாது.

ஜூன் 4, புதன்

மழை. கொழுந்து பறிக்கிறவர்கள் இருபது நிமிடம் எங்கே போவார்கள் என்ற கேள்வி நியாயமானது. இரண்டு இலை ஒரு மொட்டு பறிக்கும் வேலையில் கைக்குப் பழக்கம் வந்தபின் மனம் காலியாகவே இருக்கிறது. ஒரு வரிசை முடிந்து அடுத்ததற்குத் திரும்பும்போது ஒரு வாக்கியம், எடை போட நிற்கும்போது ஒன்று. போதும்.

ஜூன் 5, வியாழன்

கரி அடுப்பை இரவில் அணைக்காமல் வைப்பது எப்படி என்று மலையில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கனலை ஒன்றாகக் கூட்டிச் சாம்பலால் மூடுவார்கள். விடிந்ததும் சாம்பலை விலக்கி விசிறுவார்கள். "அனல்மூட்டி எழுப்பிவிடும்படி" என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியது இந்த வேலைதான். புதுத் தீ கேட்கச் சொல்லவில்லை. (ஜெப அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கரி அடுப்பு வைக்கவே வைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போகும்.)

"ஆவியை அவித்துப்போடாதிருங்கள்" என்பதற்கு அடுத்த வசனம், தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ண வேண்டாம் என்பது (1 தெசலோனிக்கேயர் 5:19-20). வசனத்தை அலட்சியம் செய்வதே தண்ணீர் ஊற்றுவது. "பரிசுத்த ஆவியைத் துக்கப்படுத்தாதிருங்கள்" என்ற எபேசியர் 4:30-க்கு முன்வசனம் கெட்ட வார்த்தை, பின்வசனம் கசப்பு, கோபம், கூக்குரல், தூஷணம். பெரும்பாலும் நாக்கின் பாவங்கள்.

பாவம் செய்ததும் அவர் போய்விட்டார் என்று பயப்படுகிறவர்கள் அந்த வசனத்தை முடிவுவரை வாசிக்க வேண்டும்: மீட்கப்படும் நாளுக்கென்று பெற்ற முத்திரை அவர். துக்கப்படுகிறவர் வீட்டுக்குள்தான் இருக்கிறார். உடனே செய்ய வேண்டியது, பாவத்தைப் பெயர் சொல்லி அறிக்கையிடுவது. யாரைப் புண்படுத்தினோமோ அவரிடம் அன்றைக்கே போவது. பொதுவாக 'என் பாவங்களையெல்லாம் மன்னியும்' என்று முடித்துக்கொள்வதால் மனம் இலேசாவதில்லை.

ஜூன் 7, சனி

சோலைக்காடும் புல்வெளியும் மழைநீரைப் பஞ்சு மாதிரி பிடித்துவைத்து, மாசி பங்குனியிலும் ஓடையாக விடும். புல்வெளியில் சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) நட்ட இடங்களில் சதுப்பு வற்றியது. மழை குறைந்தது காரணமில்லை, நட்டது குடித்தது. யோவான் 7:38-39-ல் உள்ளத்திலிருந்து ஓடும் நதிகள் என்பது ஆவியானவரைக் குறித்தே. ஓடவில்லை என்றால் வானத்தைப் பார்ப்பதற்கு முன், உள்ளே எதை நட்டு வைத்திருக்கிறோம் என்று இன்று இரவு ஒரு தாளில் எழுதுங்கள். இரவு பத்து மணிக்குமேல் கையில் இருக்கும் கைபேசியையும் சேர்த்து.

ஜூன் 8, பெந்தெகொஸ்தே ஞாயிறு

ஆராதனைக்கு முன்பே அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு சமாதானம் ஆக வேண்டியவர்களைப் பாருங்கள். திருவிருந்துக்குப் பிறகு என்று தள்ள வேண்டாம். நாளை திங்கள், ஐந்தரைக்கு அதே இருபது நிமிடம், அதே ரோமர் 8.